ஒரு கைத்துப்பாக்கி, ஆறு தோட்டாக்கள்: மலாயா கணபதியின் வாழ்வும் அவரைத் தூக்கிலிட்ட சட்டமும்

மலாயாவின் மிகப் பெரிய தொழிற்சங்கச் சம்மேளனத்துக்குத் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி, 1949 மே 4-ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறைச்சாலையில் தூக்கிலிடப்பட்டார். அவர் மீது கொலைக் குற்றச்சாட்டு இல்லை. கொள்ளையடித்தார் என்றோ யாரையேனும் சுட்டார் என்றோ வழக்கு இல்லை. உரிமம் இல்லாமல் ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பதே குற்றம்.

மார்ச் 1-இல் கைது, மார்ச் 15-இல் விசாரணை, மே 4-இல் தூக்கு. 64 நாளில் எல்லாம் முடிந்துவிட்டது.

மலேசியத் தமிழர்கள் அவரை மலாயா கணபதி என்றே அழைக்கிறார்கள். தியாகி என்று போற்றுவோர் உண்டு. கம்யூனிஸ்டு என்று ஒதுங்குவோரும் உண்டு. இரு தரப்பும் அதிகம் பேசாத ஒன்று இருக்கிறது. அது, துப்பாக்கியை வைத்திருப்பதே உயிரைப் பறிக்கும் குற்றம் என்று ஆக்கிய சட்டம். கணபதி மறைந்து முக்கால் நூற்றாண்டு ஆன பிறகும் அந்தச் சட்டத்தின் வேர்கள் நம் நாட்டுச் சட்டப் புத்தகங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

தம்பிக்கோட்டையிலிருந்து சிங்கப்பூருக்கு

கணபதி பிறந்தது தஞ்சை மாவட்டம் பட்டுக்கோட்டைப் பகுதியில் உள்ள தம்பிக்கோட்டை கிராமம். சிறுவயதிலேயே கப்பலேறிச் சிங்கப்பூர் வந்து, அங்கேயே படித்து வளர்ந்தார். கித்தா தோட்டத்து லயத்தில் பிறந்தவர் இல்லை என்றாலும், துறைமுகத்திலும் தோட்டத்திலும் வேலை செய்த தமிழர்களின் பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்.

ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய இராணுவத்தில் அவர் சேர்ந்தார். 1943-இல் நேதாஜி சிங்கப்பூர் வந்ததும், மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழ் இளைஞர்கள் அந்தப் படைக்குப் போனார்கள். கங்காணிக்கும் கிராணிக்கும் துரைக்கும் கைகட்டி நின்றவர்கள், முதன்முறையாகச் சீருடை அணிந்து வரிசையில் நிமிர்ந்து நின்றார்கள். போர் முடிந்து படை கலைந்தது. ஆனால் திரும்பி வந்தவர்கள் பழையபடி குனிந்து நிற்கத் தயாராக இல்லை.

போர் விட்டுச்சென்ற ஆயுதங்கள்

1945-இல் ஜப்பான் சரணடைந்தபோது மலாயா முழுவதும் துப்பாக்கிகள் சிதறிக் கிடந்தன. ஜப்பானியரை எதிர்த்துக் காட்டில் போரிட்ட மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படைக்கு ஆயுதம் கொடுத்ததே பிரிட்டிஷார்தான். விமானத்திலிருந்து இறக்கிய துப்பாக்கிகளை, போர் முடிந்ததும் திரும்பக் கேட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் படை கலைக்கப்பட்டது. ஆயுதத்தை ஒப்படைத்த ஒவ்வொருவருக்கும் 350 வெள்ளி கொடுக்கப்பட்டது. 5,000-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் அப்படித் திரும்பி வந்தன.

எல்லாம் வரவில்லை. ஒரு பகுதி காட்டில் புதைக்கப்பட்டது. ஜப்பானியர் விட்டுச்சென்றவை, யார் கைக்குப் போயின என்று தெரியாதவை எனப் பல துப்பாக்கிகள் கணக்கில் சேரவே இல்லை.

300,000 பேரின் தலைவர்

போருக்குப் பின் மலாயாவில் அரிசிக்குத் தட்டுப்பாடு. விலைவாசி ஏறியது, கூலி ஏறவில்லை. இந்தச் சூழலில்தான் தொழிற்சங்கங்கள் வேகமாக வளர்ந்தன. 1946-இல் தொடங்கிய பொதுத் தொழிலாளர் சங்கம், பின்னர் அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனமாக உருவெடுத்தது. தோட்டம், சுரங்கம், துறைமுகம், தொழிற்சாலை என்று எல்லாத் துறைத் தொழிலாளர்களும் அதில் இருந்தார்கள். உறுப்பினர் எண்ணிக்கை ஏறத்தாழ 300,000 என்று கணக்கிடப்பட்டது. சீனத் தொழிலாளர்கள் பெரும் எண்ணிக்கையில் இருந்த அந்தச் சம்மேளனத்தின் தலைவர் நாற்காலியில் ஒரு தமிழர் அமர்ந்தார் என்பது இன்று நினைத்தாலும் பெரிய செய்திதான்.

சம்மேளனத்தில் மலாயா கம்யூனிஸ்டு கட்சியின் செல்வாக்கு இருந்தது. அதை மறைப்பதற்கு இல்லை. அதே வேளையில், வேலைநிறுத்தங்களுக்கான காரணங்கள் தோட்டத்து அன்றாட வாழ்விலிருந்தே வந்தன. 1947-இல் தோட்ட முதலாளிகள் சங்கம் குத்தகைக் கூலியை 20 விழுக்காடு குறைக்க முடிவெடுத்தபோது, தோட்டங்கள் கொதித்தன. அந்த ஓராண்டில் மட்டும் நாடு முழுவதும் 300-ஐ ஒட்டிய வேலைநிறுத்தங்கள் நடந்தன. ஏறக்குறைய 700,000 வேலை நாள்கள் இழக்கப்பட்டன.

தோட்ட வாசலில் போலீஸ் துப்பாக்கி

தோட்டத் தொழிலாளர்களுக்குத் துப்பாக்கி புதியது இல்லை. அது எப்போதும் எதிர்த்தரப்பின் கையில்தான் இருந்தது.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் நடந்தது. சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி வேண்டும். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் கட்டாயம் ஒழிய வேண்டும். இவை அன்றைய கோரிக்கைகளில் சில. நாதன் கைதானதும் போராட்டம் பரவியது. சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு, இந்திய இராணுவத்தினர் இறக்கப்பட்டார்கள். சுட்டதில் தொழிலாளர் உயிர்கள் பறிபோயின. நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

1947 ஏப்ரலில் கெடா மாநிலம் டப்ளின் தோட்டத்தில் போலீசார் தொழிலாளர்களை நோக்கிச் சுட்டதில் ஒருவர் உயிரிழந்தார். அது அமைதிக் காலம். அவசரகாலச் சட்டம் எதுவும் நடப்பில் இல்லாத ஆண்டு. கூட்டத்தைக் கலைக்கத் துப்பாக்கியை எப்போது எடுக்கலாம், எடுத்தவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்விகள் அன்றே எழுந்தன. கணபதி தலைமையேற்ற சம்மேளனத்தின் காலம் இதுதான்.

1948 ஜூன்: ஒரே வாரத்தில் மாறிய நாடு

1948-இல் அரசாங்கம் தொழிற்சங்கச் சட்டத்தைத் திருத்தியது. சங்கப் பொறுப்பாளர்கள் அதே தொழிலில் மூன்றாண்டு அனுபவம் பெற்றிருக்க வேண்டும். வெவ்வேறு தொழில்களைச் சேர்ந்த சங்கங்கள் ஒரே சம்மேளனத்தின் கீழ் இணையக் கூடாது. இந்த இரு நிபந்தனைகளே போதுமானவையாக இருந்தன. ஜூன் நடுவில் கணபதியின் சம்மேளனம் பதிவை இழந்து, சட்டவிரோத அமைப்பானது. நேற்றுவரை அரசாங்கத்துடன் பேச்சு நடத்தியவர்கள், இன்று தேடப்படுபவர்கள் ஆனார்கள்.

அதே நாள்களில், ஜூன் 16-இல், பேராக் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டு நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. அதன் முதல் நடவடிக்கைகளில் ஒன்று, உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்போருக்கு மரண தண்டனை.

அதுவரை உரிமமில்லாத துப்பாக்கி என்பது சிறை அல்லது அபராதத்துக்குரிய விவகாரம். ஒரே உத்தரவில் அது உயிர் விவகாரமானது. துப்பாக்கி யாருடையது, எங்கிருந்து வந்தது, எதற்காகக் கையில் இருந்தது என்பவை இரண்டாம் இடத்துக்குப் போயின. ஆயுதம் பிடிபட்ட பின், தக்க காரணம் காட்டித் தன்னைக் காத்துக்கொள்ளும் பாரம் பிடிபட்டவர் மீதே விழுந்தது. போர் விட்டுச்சென்ற துப்பாக்கிகள் இன்னும் கணக்கில் வராமல் இருந்த நாட்டில் இப்படி ஒரு சட்டம் எத்தனை பேரைத் தொடும் என்பதை ஊகிப்பது கடினமில்லை.

அரசின் துப்பாக்கிக்கு எந்தக் கட்டுப்பாடு?

மக்கள் கையில் இருந்த துப்பாக்கிக்குத் தூக்குக் கயிறு. அரசின் கையில் இருந்ததற்கோ, அதே மாதங்களில், கட்டுப்பாடு தளர்ந்துகொண்டே போனது.

பாலஸ்தீனத்தில் பிரிட்டிஷ் ஆட்சி 1948 மே மாதம் முடிந்ததும், அங்கே பணியாற்றிய போலீசார் பலர் மலாயாவுக்கு அழைத்து வரப்பட்டனர். மலாயாவின் புதிய போலீஸ் ஆணையர் டபிள்யூ.என். கிரே, பாலஸ்தீனப் போலீஸ் தலைவராக இருந்தவர். தோட்டங்களையும் சுரங்கங்களையும் காக்க ஆயிரக்கணக்கான சிறப்புக் காவலர்கள் அவசர அவசரமாகச் சேர்க்கப்பட்டார்கள். குறுகிய பயிற்சி, கையில் துப்பாக்கி. காவல் பணியும் போர்ப் பணியும் ஒன்றாகக் கலந்தன.

1948 டிசம்பரில் சிலாங்கூர் பத்தாங் காலியில், பிரிட்டிஷ் காலாட்படையின் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் பிரிவினர் ஆயுதமில்லாத 24 கிராமவாசிகளைச் சுட்டுக் கொன்றனர். தப்பியோட முயன்றார்கள் என்று விளக்கம் தரப்பட்டது. சில வாரங்களில், 1949 ஜனவரியில், அவசரகால விதிகளில் 27ஏ என்ற புதிய விதி சேர்ந்தது. கைதிலிருந்து தப்புவோரைத் தடுக்க உயிர்போக்கும் ஆயுதத்தைப் பயன்படுத்தலாம் என்று அனுமதித்த அந்த விதி, முன்பே நடந்தவற்றுக்கும் செல்லும்படி எழுதப்பட்டது. கொல்லப்பட்டோரின் குடும்பங்கள் பல்லாண்டு போராடியும், பொது விசாரணை வேண்டும் என்ற அவர்களின் கோரிக்கையை 2015-இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

27ஏ விதி வந்து ஆறு வாரம்கூட ஆகாத நிலையில், அதே சிலாங்கூர் மாநிலத்தில் கணபதி பிடிபட்டார்.

கைதும் வழக்கும்

சம்மேளனம் தடை செய்யப்பட்ட பிறகு கணபதி தலைமறைவானார். 1949 மார்ச் 1-இல், ரவாங்–பத்து ஆராங் வட்டாரத்தில் உள்ள வாட்டர்ஃபால் தோட்டத்தின் பக்கம் அவர் கைது செய்யப்பட்டார். பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்க ஊர். தொழிலாளர் போராட்டத்துக்கு நெடுங்காலமாகப் பெயர் பெற்றது.

அவரிடம் ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் இருந்ததாகப் போலீஸ் கூறியது. இரண்டு வாரத்தில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது. துப்பாக்கியைத் தாம் கண்டெடுத்ததாகவும் அதைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கப் போய்க்கொண்டிருந்ததாகவும் கணபதி கூறினார். நீதிமன்றம் அதை நம்பவில்லை. மரண தண்டனை விதிக்கப்பட்டது.

கணபதி சொன்னது உண்மையா என்பதை இன்று யாராலும் நிறுவ முடியாது. நாட்டில் ஆயுதப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது; அவர் தேடப்பட்ட அமைப்பின் தலைவர். நீதிமன்றத்தின் ஐயத்துக்குக் காரணம் இருந்திருக்கலாம். ஆனால் அவர் அந்தத் துப்பாக்கியால் யாருக்கும் தீங்கு செய்ததாக யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் அந்தச் சட்டத்தில் இருக்கவில்லை.

மேல்முறையீடு தள்ளுபடியானது. இந்திய அரசாங்கம் தண்டனையைக் குறைக்கக் கேட்டுக்கொண்டது. லண்டனில் இந்தியத் தூதராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனனும் முயன்றார். அப்போது இந்தியா விடுதலை பெற்று இரண்டு ஆண்டுகள்கூட நிறைவடையவில்லை. முயற்சிகள் பலிக்கவில்லை.

தூக்குக்கு முந்தைய நாள், மே 3-இல், கணபதியோடு இயங்கிய தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் கணபதி. இரண்டே நாளில் மலாயாத் தமிழ்த் தொழிலாளர்கள் இரு தலைவர்களை இழந்தனர்.

தமிழகத்தில் இந்தச் செய்தி பெரும் அதிர்வை உண்டாக்கியது. பின்னாளில் முதலமைச்சரான மு. கருணாநிதி, கயிற்றில் தொங்கிய கணபதி என்ற சிறு நூலை எழுதினார். அதே ஆண்டு செப்டம்பரில், பெருங்குற்றம் எதுவும் செய்யாமல் சரணடைவோருக்கு மன்னிப்பு வழங்குவதாக மலாயா அரசாங்கம் அறிவித்தது. கணபதி தூக்கிலிடப்பட்டு நான்கு மாதம் கழித்து.

அதே சட்டம், இன்னொரு தமிழர்

கணபதியின் பெயர் தெரிந்த பலருக்கும் சாம்பசிவத்தின் பெயர் தெரிவதில்லை. சட்டம் படிக்கும் மாணவர்களுக்கோ அது மனப்பாடம்.

1948 செப்டம்பரில் ஜொகூரில் பிடிபட்ட சாம்பசிவம் மீது இரண்டு குற்றச்சாட்டுகள்: துப்பாக்கி வைத்திருந்தது, தோட்டாக்கள் வைத்திருந்தது. நீதிபதியுடன் அமர்ந்து கருத்துச் சொல்லும் குடிமக்களான அசெசர்கள், இரண்டிலும் அவர் குற்றவாளி இல்லை என்றனர். தோட்டா வழக்கில் நீதிபதி அதை ஏற்று அவரை விடுவித்தார். துப்பாக்கி வழக்கில் மட்டும் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். மறுவிசாரணையில், தோட்டா வைத்திருந்ததையும் ஒப்புக்கொள்ளும் ஒரு வாக்குமூலம் அவருக்கு எதிராகப் பயன்படுத்தப்பட்டது. மரண தண்டனை கிடைத்தது.

வழக்கு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. ஒரு குற்றத்திலிருந்து விடுவிக்கப்பட்டவர், அந்த விடுதலையின் முழுப் பயனையும் பெற வேண்டும். அதே விஷயத்தை வேறு வழியாக அவர் மீது திருப்பக் கூடாது என்று பிரிவி கவுன்சில் 1950-இல் முடிவு செய்து, தண்டனையை ரத்து செய்தது. காமன்வெல்த் நாடுகளின் நீதிமன்றங்கள் இன்றும் அந்தத் தீர்ப்பை எடுத்தாளுகின்றன.

இருவரும் தமிழர்கள், ஒரே அவசரகாலச் சட்டம், ஒரே வகைக் குற்றச்சாட்டு. ஒருவருடைய வழக்கை ஆற அமரப் படித்துப் பார்க்க ஒரு நீதிமன்றம் கிடைத்தது. இன்னொருவருக்கு 64 நாள். அவசரகாலம் முடிவதற்குள் 200-க்கும் மேற்பட்டோர் மலாயாவில் தூக்கிலிடப்பட்டனர்.

சட்டம் விட்டுச்சென்ற தடம்

காவல் துறையை ஒழுங்குபடுத்தும் முயற்சி சற்றுத் தாமதமாக வந்தது. 1952-இல் லண்டன் மாநகரப் போலீஸ் தலைவர் ஆர்தர் யங் மலாயா போலீஸ் ஆணையராக வந்தார். சிறப்புக் காவலர் எண்ணிக்கையைக் குறைத்தார், பயிற்சியைக் கூட்டினார், மக்களுக்குச் சேவை செய்வதே போலீசின் வேலை என்று ஓர் இயக்கமே நடத்தினார். கைகுலுக்கும் இரு கரங்கள் அதன் சின்னம்.

அவசரகாலம் 1960 ஜூலை 31-இல் முடிந்தது. மறுநாளே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமான இசா நடப்புக்கு வந்தது. பாதுகாப்புப் பகுதியில் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் கட்டாய மரண தண்டனை என்ற அதன் 57-ஆவது பிரிவு, 1948 விதியின் நேர் வாரிசு. தக்க காரணத்தை மெய்ப்பிக்கும் பாரம் இதிலும் குற்றஞ்சாட்டப்பட்டவர் மீதே இருந்தது. 1977-இல் பினாங்கில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இந்தப் பிரிவின் கீழ் மரண தண்டனை விதிக்கப்பட்டபோது நாடே அதிர்ந்தது. பின்னர் அந்தத் தண்டனை மாற்றப்பட்டது. இசா 2012-இல் நீக்கப்பட்டது.

இன்று மலேசியாவில் துப்பாக்கி வைத்திருக்க 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் போலீஸ் உரிமம் வேண்டும். 1971-ஆம் ஆண்டு துப்பாக்கிக் கூடுதல் தண்டனைச் சட்டத்தின்படி, உரிமமின்றி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் கிடைக்கும். கொள்ளை போன்ற குற்றங்களின்போது துப்பாக்கியைச் சுட்டால் மரண தண்டனை விதிக்கலாம். முன்பு கட்டாயமாக இருந்த அது, 2023 ஜூலை முதல் நீதிபதியின் முடிவுக்கு விடப்பட்டிருக்கிறது. வைத்திருப்பது வேறு, சுடுவது வேறு என்ற வேறுபாட்டைச் சட்டம் இப்போது பார்க்கிறது. சிங்கப்பூரின் 1973-ஆம் ஆண்டு ஆயுதக் குற்றங்கள் சட்டமும் அந்த வேறுபாட்டைச் செய்கிறது; அங்கே காயப்படுத்தும் நோக்கில் சுடுவோருக்கே கட்டாய மரண தண்டனை.

போலீசின் துப்பாக்கிக்கும் வரம்பு உண்டு. மரண தண்டனைக்கோ நீண்டகாலச் சிறைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாத ஒருவரைக் கைது செய்யும்போது அவர் உயிரைப் போக்கும் உரிமை இல்லை என்று மலேசியாவின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. போலீசார் மீதான புகார்களை விசாரிக்கத் தனி ஆணையம் ஒன்று 2023 ஜூலையில் செயல்படத் தொடங்கியது. அதற்குப் போதிய அதிகாரம் உண்டா என்ற விவாதம் ஓயவில்லை. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பிள்ளையைப் பறிகொடுத்த இந்தியக் குடும்பங்களுக்கு அது ஏட்டுவிவாதம் இல்லை.

புடு சிறைச்சாலையின் சுவர்கள் 2010-இல் இடிக்கத் தொடங்கப்பட்டன. அந்த இடத்தில் இப்போது பேரங்காடியும் உயர்ந்த கட்டடங்களும் நிற்கின்றன. வார இறுதியில் அங்கே கடை பார்க்கப் போகும் நம் பிள்ளைகளிடம், இங்கே ஒரு தொழிற்சங்கத் தலைவரின் உயிர் போனது, அவர் யாரையும் சுட்டதாக வழக்கு இல்லை என்று சொல்ல வேண்டிய பொறுப்பு பெரியவர்களுக்கு உண்டு. கணபதியின் அரசியலை ஏற்பவரும் ஏற்காதவரும் அதைச் சொல்லலாம்.